வள்ளிக்கு இரவல் குரல்

முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கப் பட்ட பாடு நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையில் விடிய விடிய நடக்கும். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கிவிட்டால் கல்யாணம் கோழி கூவும்வரை தள்ளிப்போகும். சினிமாவுக்கு ஏது அந்தப் பொறுமை? 1945இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தார். வள்ளியாக நடித்த குமாரி ருக்மணி பாடியது அவருக்குத் திருப்தியில்லை, படமாக்கியபின் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்திவிட்டார்கள். மாப்பிள்ளையே கிழவன் வேஷத்தில் வந்து ஏமாற்றிய கதைதானே, பெண்ணின் குரலுக்கு மட்டும் வேஷம் ஆகாதா என்ன?

வள்ளியை மணந்த முருகன் குடியிருக்கும் திருத்தணி, 1960இல் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. மறு வருஷமே சிவாஜி, பத்மினியோடு கலரில் இன்னொரு ‘ஸ்ரீவள்ளி’. பழைய படத்தின் முருகன் டி.ஆர். மகாலிங்கம் இதில் நாரதர். பதினாறே வருஷத்தில் மாப்பிள்ளை தரகராகிவிட்டார்.