உப்பிட்ட மோட்டர்

சென்ற தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று, வருசம் முழுவதும் சேர்த்து வைத்திருந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். வெயில், உப்புக்காற்று, கிடுகு விற்கிற விலை, மூத்தவனின் கணக்குப் புள்ளி, மனுசி வைக்கிற சொதி. பொறுமையாகக் கேட்டிருந்த சாமியார், "தம்பி, இவ்வளவு நேரமும் நீர் சொன்னது மற்ற ஆக்களின்ர பாவம். உம்முடையதை எப்ப தொடங்கப் போறீர்?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். முறுமுறுப்பு ஒன்றுதான் அகப்பட்டது. அதைச் சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் தந்திருந்தால் கோவில் வாசலைத் தாண்டுமுன் முடித்திருப்பேன். அவர் விதித்த அபராதமோ வேறு. ஒரு கிழமைக்கு, ஒவ்வொரு இரவும் செபமாலை முடிந்ததும், வீட்டாருக்கு முன்னால் நான் மூன்று நன்றி சொல்ல வேண்டும்.

மன்னார்த் தீவில் பேசாலைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வளவு. அதில் எட்டுப் பனை, ஒரு முருங்கை, ஒரு கிணறு, பதினொரு கோழி, இரண்டு ஆடு, மூன்று பிள்ளைகள், அம்மா, மனுசி, நான். மரியாதை கிடைப்பதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான்.

முதல் இரவு நன்றிக்குப் பொருள் தேடித் திண்டாடினேன். கடைசியில், "காற்றுக்கு நன்றி" என்று ஒன்றைச் சமாளித்தேன். அதிலும் நியாயம் இருந்தது. தீவின் தென்கரை நெடுக நிற்கிற தம்பபவனிக் காற்றாடிகள் முப்பதும் 100 மெகாவாற்றுக்கு மேல் மின்சாரம் எடுக்கின்றனவே! ஆனால் அதற்கு முதல் வருசம் சோளகக் காற்று எங்கள் குசினிக் கூரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வளவில் வைத்தது மனுசிக்கு நினைவு வந்துவிட்டது. அந்தக் கூரையைக் கட்டியவன் நான்.

அடுத்த இரவு தானும் நன்றி சொல்லப் போவதாக அவள் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, வாளி உடைஞ்சு மூண்டு மாசத்துக்குப் பிறகெண்டாலும் புதுசு வாங்கிற மனசை இவருக்குக் குடுத்தீரே, உமக்கு நன்றி." எல்லாரும் "ஆமென்" என்றார்கள். நானும் சொன்னேன். முறைப்பாடு என்றால் மறுத்துப் பேசலாம். செபத்துக்கு எப்படி மறுத்துப் பேசுவது?

அன்றோடு அபராதம் என் கையை விட்டுப் போய்விட்டது. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். முதல் நன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த கடைக்குட்டி, மறைக்கல்வி வகுப்பில் கேட்டதைக் கொண்டுவந்தாள். நற்கருணைக்குக் கிரேக்கத்தில் உள்ள பேருக்கு நன்றி செலுத்துதல் என்றுதான் கருத்தாம். "அப்ப பூசையில ஒரு மணித்தியாலம் நன்றி சொல்லிப்போட்டு, வீட்ட வந்த உடன ஏன் அப்பா கத்துறீங்க?" நான் செபமாலையைத் தேடுவதுபோல் குனிந்தேன். அது என் கையில்தான் இருந்தது.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து, மந்திரித்த ஓலையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். வேலிப் பொட்டுக்குள்ளால் கழுதை வந்துவிட்டது. மன்னார்க் கழுதைகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவற்றுக்கு உடையவனும் இல்லை, கட்டையும் இல்லை. பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரத்தைப்போல, அந்தக் காலத்து அரபு வியாபாரிகள் கொண்டுவந்து விட்டவை என்பார்கள். இப்போது அவற்றுக்கென்று தனி வைத்தியசாலைகூட இருக்கிறது. நான் விளக்குமாற்றோடு பாய்ந்தபோது, சிலுவைக்குப் பின்னால் செருக வேண்டிய ஓலையில் பாதி அதன் வாய்க்குள். "அடிக்காதீங்கப்பா, ஆண்டவர் ஏறிப்போன மிருகம்!" என்று சின்னவள் கத்தினாள். அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பலாக வேண்டிய ஓலை, கழுதையின் வயிற்றில் முன்கூட்டியே சாம்பலானது. அன்றிரவு என்னைத் தவிர எல்லாருடைய நன்றியும் கழுதைக்குத்தான்.

பிறகு மடு மண். பாம்பு தீண்டாமல் காக்கும் என்று மருதமடு மாதா கோவில் மண்ணை எங்கள் பக்கத்து வீடுகளில் வைத்திருப்பார்கள். ஆவணித் திருநாளுக்குப் போனபோது மனுசி பக்தியோடு அள்ளி வந்து ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்திருந்தாள். விவசாய ஆர்வம் முற்றிய ஒரு காலையில், நல்ல மண்ணாயிருக்கிறதே என்று அதில் நான் மிளகாய்க் கன்று நட்டுவிட்டேன். அந்த வருசம் நான் நட்டவற்றில் உயிர் தப்பியது அது ஒன்றுதான். "இவர் நட்டதையும் காப்பாத்திக் குடுத்த மடு மாதாவே, நன்றி" என்றாள். இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

இவ்வளவையும் தாங்கினேன். என்னை விழுத்தியது மோட்டர்.

அம்மா காலையும் மாலையும் வாளியால் அள்ளிக்கொண்டிருந்த கிணற்றுக்கு, முன்னேற்றம் வேண்டும் என்று கடன் பட்டு ஒரு மோட்டர் பூட்டினேன். சுவிச்சைப் போட்டதும் தண்ணீர் பாய்ந்தது. கத்தரிக்குப் பாய்ச்சினேன், முற்றத்துக்குப் பாய்ச்சினேன், பெருமைக்காக வீதிக்கும் கொஞ்சம் பாய்ச்சினேன். இரண்டு கிழமை கழித்து ஒரு விடியற்காலை தேத்தண்ணியை வாயில் வைத்தேன். கரித்தது. "சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு குசினியா?" என்று தொடங்கி, கலியாணப் பேச்சுக் காலம் வரை போய்வந்தேன். தோட்டவெளி எங்களுக்குப் பக்கத்து ஊர். சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்றதற்காக, 1544 இல் சங்கிலி மன்னனின் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்த வேதசாட்சிகளின் மண் அது. 600 பேருக்கு மேல் என்பார்கள். அவர்கள் வழி வந்தவன் என்று மார்தட்டுகிறவன், ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

மனுசி பேசாமல் கிணற்றுத் தண்ணீரை ஒரு சிரட்டையில் கொண்டுவந்து நீட்டினாள். அதுவும் கரித்தது.

அம்மாதான் விளக்கினா. எங்கள் தீவில் நல்ல தண்ணீர் என்பது மாரிமழை மணலுக்குள் இறங்கி, கனத்த கடல்நீருக்கு மேல் பாலாடைபோல் மிதந்து நிற்பது. வாளியால் அள்ளுகிறவனுக்கு ஆடை வரும். மோட்டரால் இழுக்கிறவனுக்கு அடியில் கிடக்கிற கடல் எழும்பி வரும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் வீட்டில் உப்பிட்டது நான். இன்றுவரை நினைக்கிறார்கள்.

அன்றிரவு மனுசியின் நன்றிக்குப் பயந்து முன்கூட்டியே தலையைக் குனிந்திருந்தேன். ஆனால் அம்மா முந்திக்கொண்டா. அவவின் நன்றி எப்போதும் ஒன்றுதான். "நேத்துப் படுத்த பாயிலயே இண்டைக்கும் படுக்கிறம். நன்றி ஆண்டவரே."

"அப்பம்மா, மூண்டு சொல்லவேணும்" என்றாள் சின்னவள்.

"எண்ணிப் பார் பிள்ளை. நேத்து ஒண்டு, இண்டைக்கு ரெண்டு, பாய் மூண்டு."

1990 இல் சண்டைக்குப் பயந்து எங்களை இழுத்துக்கொண்டு மடுக்கோவிலுக்கு ஓடி, பிறகு வள்ளமேறி இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்றவ அவ. ஊருக்குத் திரும்பி வந்து இந்தக் கிணற்றை முதலில் எட்டிப் பார்த்ததும் அவதான். அன்று மனுசி, "ஆமென்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதுதான் எனக்குக் கூடுதலாக உறைத்தது.

மோட்டரைக் கழற்றிவிட்டேன். கடன் இன்னும் கழறவில்லை. வாடையோடு மாரி வந்து கிணறு மெல்லத் தேறியது. ஒரு கிழமை அபராதம் முடிந்து மாதக்கணக்காகிறது என்று சாமியாரிடம் முறையிட்டுப் பார்த்தேன். "நான் விதிச்சது ஒரு கிழமைதான் தம்பி. மிச்சம் உம்முடைய வீட்டார் விதிச்சது" என்றார்.

நேற்றிரவும் என் முறை வந்தது. மழைக்கு நன்றி என்றேன். வாளிக்கு நன்றி என்றேன். மூன்றாவதுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தபோது வெளியே வேலி சரசரவென்று முறிகிற சத்தம். "கழுதை!" என்று எழும்பினேன்.

"இஞ்ச பாருங்க, மூண்டாவதைச் சொல்லிப்போட்டுப் போங்க" என்றாள் மனுசி, கண்ணைத் திறக்காமலே.

"இவ்வளவு நாளும் வேலி நிண்டதுக்கு நன்றி ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைத் தேடி ஓடினேன்.

பின்னால் "ஆமென்" கேட்டது.