ஜிஏ சார்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கொரிய, ஜப்பானியக் கம்பெனிகளில் ஹெச்.ஆரிடமும் சேராத, புரொடக்‌ஷனிடமும் சேராத வேலைகளுக்கென்று ஒரு துறை உண்டு. பெயர் ஜெனரல் அஃபேர்ஸ். வாய்க்கு வசதியாக ஜிஏ. ஷிப்ட் பஸ் வரவில்லை என்றாலும், கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடினாலும், கெஸ்ட் ஹவுஸ் ஏசி ஒழுகினாலும், கார் பார்க்கிங்கில் பாம்பு வந்தாலும் ஜிஏ சாருக்குத்தான் போன் போகும். சியோலிலிருந்தோ நகோயாவிலிருந்தோ பெரிய தலை வந்தால் அவருடைய ராத்திரிச் சாப்பாடும் இவர் கணக்குத்தான்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. காரோடு கொரியர்களும், அவர்களோடு கிம்ச்சியும் வந்தன. பெங்களூர் நெடுஞ்சாலையோரம் கொரிய எழுத்தில் பலகைகள் முளைத்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை திறந்ததும் மிஸோ சூப்புக்கும் கிராக்கி வந்தது. இங்கேயே தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைகள் போதும். தலைமையகத்து ஆளை அங்கே கூட்டிப்போக முடியுமா? ஜிஏ சார் கிண்டிக்கு வண்டியைத் திருப்பச் சொல்வார். 2012-ல் திறந்த ஐடிசி கிராண்ட் சோழாவில் ‘பான் ஏசியன்’ என்றே பெயர் வைத்த உணவகம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான். ஜிஏ சார் அதே சோழன் பெயரால் ஆசியா முழுவதையும் ஒரே மேஜைக்கு வரவழைக்கிறார். அதற்கும் முன்கூட்டியே அப்ரூவல் வாங்கியிருப்பார்.

நவீன ஆசிய உணவகம் எதில் நுழைந்தாலும் அவர் கண் முதலில் விளக்கைத்தான் பார்க்கும். மூங்கில் தட்டி, கறுப்புக் கல், காகித விளக்கு, மூலையில் கண்மூடிய புத்தர். எல்லாம் சரி, வெளிச்சம் எங்கே? தொழிற்சாலையில் லக்ஸ் மீட்டர் பிடித்து ஆடிட் கொடுத்துப் பழகிய மனிதர். இங்கே செல்போன் டார்ச்சை மேஜைக்கடியில் ஒளித்து மெனு படிப்பார். திறந்த சமையற்கட்டைப் பார்த்ததும் முகம் மலரும். “கத்தி ஒரு இடம், துணி ஒரு இடம், பாருங்க. இதான் ஃபைவ் எஸ். நம்ம கேன்டீன்ல சொன்னா யார் கேக்கறா?”

மேஜை நாகரிகத்தில் அவரை அசைக்க முடியாது. கொரியக் குச்சி என்றால் தட்டையான உலோகம், ஜப்பானியக் குச்சி என்றால் நுனி கூர்மை. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது, ஜப்பானில் அது சாவு வீட்டுப் பழக்கம். கொரியப் பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். அவர் எதிரே குடிக்கும் இளையவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர்களுக்கு இதையெல்லாம் வண்டியிலேயே வகுப்பெடுத்துவிடுவார்.

பேச்சு நின்றுபோனால் எடுத்துவிட இரண்டு கதைகள் கைவசம் உண்டு. ஒன்று மிளகாய்: உங்கள் கிம்ச்சிக்கும் எங்கள் குழம்புக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதான். மற்றது கன்வேயர்: பீர் பாட்டில் ஓடும் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒசாகாக்காரர் ஒருவர் 1958-ல் சுஷியை மேஜை மேஜையாக ஓடவிட்டார். இரண்டாவது கதைக்கு ஜப்பானியர் தவறாமல் சிரிப்பார். முன்பே கேட்டவர்களும் சிரிப்பார்கள்.

ஒருமுறை, பரிமாற வந்த பையனைத் தன் ஊர்க்காரன் என்று நினைத்துக் கொரிய விருந்தாளி மடமடவென்று பேச ஆரம்பித்தார். பையனுக்கு மணிப்பூர். சீரியல் பார்த்துக் கற்ற கொரிய மொழியில் அவன் நாலு வார்த்தை பதில் சொன்னான். பிறகு ஜிஏ சாரிடம் திரும்பி, “சாருக்கு வெஜ் தானே?” என்று சுத்தத் தமிழில் கேட்டான். அன்று முழுக்க விருந்தாளி பையனிடமே பேசினார். ஜிஏ சாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆமாம், அவர் வெஜ். அவருக்கு வருவது வெள்ளரிக்காய் சுஷி. பச்சைச் சட்னி என்று நினைத்து வசாபியை அள்ளி வாயில் போட்டதெல்லாம் பழைய கதை. உலகத்தில் பல கடைகளில் கிடைப்பது அசல் வசாபி அல்ல, சாயம் போட்ட குதிரைமுள்ளங்கி என்பது இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, காரம் ஒன்றுதான்.

அவர் உண்மையிலேயே ரசித்து, விரல் வைத்து, வரி வரியாகப் படிப்பது பில்லைத்தான். சோற்றுக்கு ஜிஎஸ்டி, சரக்குக்கு வாட். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் ஃபைனான்ஸ் திருப்பி அனுப்பிவிடும். “தனித்தனியா போடுப்பா, கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் ஒழுங்கா இருக்கட்டும்.”

விருந்தாளியை ரூமில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரைவர் கேட்பார். “சாப்டீங்களா சார்?”

“எங்கப்பா. சுங்குவார்சத்திரத்துல தோசைக்கடை இருந்தா ஓரங்கட்டு.”

இந்தப் பக்கம் உங்களுக்கு ஏதாவது காரியம் ஆக வேண்டுமா? எம்.டி.யைத் தேடி அலையாதீர்கள், ஜிஏ சாரைப் பாருங்கள். நன்றிக்கடன் என்று மட்டும் அவரைச் சுஷி சாப்பிடக் கூப்பிட்டுவிடாதீர்கள். மறுக்கத் தெரியாத மனிதர், வந்துவிடுவார்.