‘சி-ல ஒண்ணும் இல்ல’: ஒரு சூத்திரமும் அதன் உரையும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஓஎஸ் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்படும். “சி-ல முக்கியமா ஏதாவது இருக்கா சார்?” இதற்கு வழிவழியாக வழங்கிவரும் விடை: “ஒண்ணும் இல்லப்பா, போட்டுடு.” மூன்றே சொற்களில் ஒரு குடும்பத்தின் ஆவணக் காப்பகத்தையே கரைக்கவல்ல இந்தச் சூத்திரத்துக்கு இதுவரை யாரும் உரை செய்யவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

‘சி’ என்பது விண்டோஸ் மட்டும் புழங்கும், மனித நடமாட்டமில்லாத பிரதேசம் என்பது சூத்திரத்தைச் சொல்பவரின் துணிபு. தம்முடையதெல்லாம் டெஸ்க்டாப்பில் பத்திரமாக இருக்கிறது என்பார். டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது? சி-க்குள் யூசர்ஸ், அதற்குள் அவர் பெயர், அதற்குள் டெஸ்க்டாப். டவுன்லோட்ஸும் டாக்குமென்ட்ஸும் அங்கேதான். மகளின் வளைகாப்புப் படங்கள், பத்திர நகல், ‘நியூ ஃபோல்டர் (3)’ எல்லாம் அங்கேதான். டி டிரைவில் இருப்பவை பெரும்பாலும் யாரும் பார்க்காத சினிமாக்கள். அவை எந்தப் பிரளயத்திலும் அழிவதில்லை.

கடைக்காரர்களுக்கும் இதில் ஒரு நுண்மை தெரிந்திருக்க வேண்டும். டேலி பிரைம் கணக்குகளை, வேறிடம் சொல்லாவிட்டால், யூசர்ஸுக்குள் ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டரில் சேமிக்கும். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் காப்பி எடுத்தவர், ஜிஎஸ்டி தாக்கல் வரும்போதுதான் விஷயத்தை உணர்வார். பாமினி எழுத்துரு விடுபட்டாலோ, கோப்பு பிழைத்தும் பயனில்லை: அதில் அடித்த அழைப்பிதழ் வாசகம் ஆங்கில எழுத்துகளின் குவியலாகக் காட்சி தரும்.

அழிவிலும் தரவரிசை உண்டு. பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அதன்மேலேயே விண்டோஸை நிறுவினால், பழையதெல்லாம் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் ஒதுக்கப்படும். அங்கே நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணக் கூடாது. பதிப்பு உயர்த்தும்போது உருவாகும் அந்த ஃபோல்டருக்கு விண்டோஸ் 10 முதலில் 30 நாள் தந்தது. 2016-இல் அது 10 ஆனது. ஆக, பத்தாம் நாள் காரியம் முடிந்துவிடும். பதினாறாம் நாள் ஏன் பரிசீலிக்கப்படவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

குவிக் ஃபார்மட் செய்தவருக்கு மோட்சம் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே. அங்கே அழிவது கோப்புகளின் அட்டவணைதான். மேலே வேறொன்று எழுதப்படும் வரை தரவு அப்படியே கிடக்கும், மீட்பு மென்பொருள் தோண்டி எடுக்கும். எஸ்எஸ்டியில் ‘டிரிம்’ என்ற கட்டளை, காலியான இடத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லிவிடும். வேகமான டிஸ்க், வேகமான மறதி.

“கடைக்காரர்தான் அழித்தார்” என்ற வாதம் சில சமயம் செல்லாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது. டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டுவைத்திருந்த சிலருக்கு, அந்தப் பழைய ஃபோல்டரை அது கோப்புகளோடு சேர்த்து நீக்கிவிட்டது. அதாவது, சி-யை நம்பாமல் முன்னெச்சரிக்கையாக இருந்தவர்களே மாட்டினார்கள். சூத்திரவாதிகள் இதை ஆதாரமாகக் காட்டக்கூடும், ஏற்பதற்கில்லை.

விண்டோஸ் எழவே மறுத்தாலும் வழியுண்டு. உபுண்டு உள்ள பென் டிரைவில் பூட் செய்து, நிறுவாமலேயே ‘ட்ரை’ கொடுத்து உள்ளே போய், யூசர்ஸ் ஃபோல்டர் மொத்தத்தையும் வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போடலாம். அதன்பின் அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு நிறுவுவது உத்தமம்; எந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்வது என்று கேட்கும் திரையில் கை தடுமாறிய வரலாறு நீண்டது.

இவ்வழியும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டின் வாசலில் நிற்கும். புது லேப்டாப்கள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது. திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது. கணக்கு, லேப்டாப் வாங்கிய அன்று கடையில் யாரோ அவசரத்துக்குத் திறந்துகொடுத்தது. அதற்கு ஓடிபி வரும் எண்ணோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம். இந்த இழப்பை ‘அழிவு’ என்ற தலைப்பில் சேர்ப்பதா, ‘இருந்தும் இல்லாமை’ என்று தனியாகப் பிரிப்பதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்தொற்றுமை இல்லை.