அடிலெய்டில் சாப்பாட்டுப் பை தூக்குகிறேன்

அடிலெய்டு
சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நலமும் மாமா நலமும், அம்மாவின் இரண்டு முட்டிகளின் நலமும் தனித்தனியாக அறிய ஆவல்.

"லீவு நாள்ல என்னடா பண்றே?" என்று போனில் கேட்டாயே, சொன்னால் சிரிப்பாய். வயதானவர்களுக்கு வீடு வீடாகப் போய் மதியச் சாப்பாடு கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. அதற்கே போலீசில் நன்னடத்தைச் சான்று வாங்கி வந்தால்தான் பையைத் தொட விடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் ரசம் கொண்டு போக, சிவகாஞ்சி ஸ்டேஷனில் எழுதி வாங்கி வா என்றால் நம் தெரு என்ன பேசும்!

இதற்கு 'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' என்று பெயர். இந்த ஊரில் ஆரம்பித்தவர் டோரிஸ் டெய்லர் என்கிற அம்மாள். சின்ன வயதில் கீழே விழுந்து நடை போய், காலம் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்தவர். வீட்டில் பொங்கிப்போட ஆளில்லை என்கிற ஒரே காரணத்துக்காகக் கிழவர்களை விடுதிக்கு அனுப்புவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1953-ல் சங்கம் தொடங்கினார். 1954 ஆகஸ்டில் போர்ட் அடிலெய்டில் முதல் பந்தி. சாப்பிட்டவர்கள் எட்டுப் பேர், வேலை செய்த தொண்டர்கள் பதினொரு பேர். நம் வீட்டுக் கல்யாணங்களின் கணக்கும் இதுதானே!

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. ஒரு சூப், ஒரு பெரிய அயிட்டம், ஒரு இனிப்பு. சைவம் கேட்டால் உருளைக்கிழங்கை மசித்து, கேட்காவிட்டாலும் உருளைக்கிழங்கை மசித்து. உப்பு, காரம் என்று எதுவும் உறைக்காது. வரதர் கோயில் குடலை இட்லியை, மிளகும் சீரகமும் சுக்கும் மந்தாரை இலை வாசமுமாக, இங்கே ஒரு வீட்டில் இறக்கினால் ஆம்புலன்சைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் குறை சொல்வதில் மட்டும் உலகம் ஒன்று. "கஸ்டர்ட் நேற்று மாதிரி இல்லை" என்று ஒரு தாத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். சாம்பாரைப் பற்றி அப்பா பேசிய அதே குரல், அதே மூக்குச் சுளிப்பு.

இன்னொரு வேடிக்கை: என்னோடு வண்டி ஓட்டுகிறவருக்கு எண்பது தாண்டியாயிற்று. எழுபத்தைந்து வயதுக்காரர் வீட்டு வாசலில் நின்று, "பாவம், வயசானவர், மெதுவாகத்தான் வருவார்" என்கிறார்.

இதில் ஒரு சட்டம் உண்டு. பையை வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. ஆளைக் கண்ணால் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும். போன மாதம் ஒரு பாட்டி வீட்டில் தட்டினேன், மணி அடித்தேன், ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. சங்கத்துச் சமையலறைக்குப் போன் போட்டேன். அவர்கள் மகளுக்குப் போட, மகள் சிட்னியிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போட, சாவியோடு ஒருவர் ஓடிவர, தெருவே கூடிவிட்டது. அந்த நேரம் பாட்டி தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு பார்லரிலிருந்து வந்து இறங்கினாள். எல்லோருக்கும் திட்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக.

சாப்பாட்டோடு முடியவில்லை. அறுபத்தைந்து வயதானால் 'மை ஏஜ்டு கேர்' என்கிற அரசாங்க நம்பருக்குப் போன் போடலாம். ஒருவர் வந்து கேள்வி கேட்பார். தனியாகக் குளிக்க முடிகிறதா, சமீபத்தில் விழுந்தீர்களா, கடைக்கு யார் போகிறார்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா? பதிலைப் பார்த்து, வீடு துடைக்க, புல் வெட்ட, குளியலறையில் கைப்பிடி பொருத்த ஆள் அனுப்புவார்கள்.

இத்தனை கேள்வியையும் எதிர்வீட்டுப் பெரியம்மா, அம்மா கோலம் போட்டு முடிப்பதற்குள் கேட்டுவிடுவார். பாரம், கையெழுத்து ஒன்றும் வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் காலையில் கோலம் இல்லாவிட்டால் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள். அப்பா தறியின் சத்தம் அரை நாள் நின்றால், "என்னப்பா, பாவு அறுந்துதா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்க ஆள் வருவார்கள். ஆனால் பெரியம்மாவால் கைப்பிடி பொருத்த முடியாது. இப்போது அவரும் மகனோடு ஒரகடம் பக்கம் பிளாட்டுக்குப் போய்விட்டார் என்கிறாய். நம் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. அம்மா அந்த டைல்ஸ் மேல் சேரைப் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறாள். இனி யார் எதைக் கேட்டு ஓடிவருவது?

நம் ஊரில் சோற்றுக்கு என்றைக்கும் குறையில்லை. பஞ்சத்தில் மணிமேகலை அமுதசுரபியோடு வந்ததே காஞ்சிக்குத்தான். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவு தொடங்கி, அடுத்த வருஷமே முதியோர் பென்ஷன்காரர்களையும் அதில் சேர்த்தார். 2002-லிருந்து கோயில்களில் அன்னதானம். எல்லாவற்றுக்கும் நடந்து போக வேண்டும் என்பதுதான் அம்மாவின் முட்டிக்கு இடிக்கிறது. இப்போதுதான் படியேறி வர ஆரம்பித்திருக்கிறார்கள்: 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் பிரஷர் மாத்திரை கொண்டு வருகிறாள், 2025-லிருந்து 'தாயுமானவர்' திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் அரிசி வீட்டுக்கே வருகிறது. அரிசி வந்துவிட்டது, சரி. அதைச் சோறாக்குவது யார்? நீதான். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் கேரியரை மாட்டிக்கொண்டு, வெயிலில் காந்தி ரோடு நெரிசலில் நுழைந்து வருகிறாய். இங்கே அதற்கு வண்டி, வருடாந்தர விருந்து எல்லாம் உண்டு. உனக்கு "இன்னிக்கு என்ன, பொரியல்ல உப்பே இல்ல?" என்பதுதான் விருது.

அதனால் சொல்கிறேன். உன் முதுகுவலியை மாமா என்னிடம் சொல்லிவிட்டார், மறைக்காதே. அடுத்த தெருவில் வீட்டுச் சாப்பாடு செய்து கொடுக்கிற அந்த மெஸ் அம்மாவிடம் வாரத்தில் நாலு நாளாவது அம்மாவுக்குச் சொல்லி வை. கதவைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்த்து உனக்கு ஒரு போன் போடச் சொல். காசு நான் அனுப்புகிறேன். இங்கேயும் சாப்பிடுகிறவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள், மானியம் போக. யாரும் தலைகுனியவில்லை.

"கண்டவ சமையலைத் திங்கவா உங்களைப் பெத்தேன்" என்று அம்மா ஆரம்பிப்பாள். சண்டைக்குப் போகாதே. "அந்தம்மாவுக்கு வத்தக்குழம்பு சரியா வரலையாம், நீ தினமும் ருசி பார்த்துக் குத்தம் சொல்லணுமாம்" என்று சொல். வேளை தவறாமல் சாப்பிடுவாள்.

அன்புடன்,
உன் தம்பி