அரை டிகிரி அறிஞர்கள்

சரளைப் பாதைக்கென்று வரும் கிராவல் சைக்கிள் வாங்கக் கிளம்பியவரிடம் "எது நல்ல சைக்கிள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். லேப்டாப்பைத் திறந்துவிடுவார். ஸ்டாக், ரீச், வீல்பேஸ், ஹெட் ட்யூப் கோணம் என்று அட்டவணை விரியும். ஒரு பிராண்டில் கோணம் 71 டிகிரி, இன்னொன்றில் 71.5. அந்த அரை டிகிரியில் அவருடைய மூன்று மாதத் தூக்கம் சிக்கிக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவர்கள்கூடப் பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

கோணம் ஒன்றும் பொய்யில்லை. ஹேண்டில்பாரையும் முன்ஃபோர்க்கையும் தாங்கும் ஹெட் ட்யூப் சற்றுச் சாய்ந்து முன்சக்கரம் தள்ளி நின்றால், சரளைச் சரிவில் வண்டி தடுமாறாது. மெதுவாகத் திருப்பும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான வீல்பேஸ் நீண்டால் நிதானம், குறுகினால் சுறுசுறுப்பு. ஹேண்டில்பார் எவ்வளவு முன்னே தள்ளி நிற்கும் என்பதைச் சொல்லும் ரீச் உங்கள் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் ஃபிரேமில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் கழுத்து வலிக்கத்தான் செய்யும். ஆக, ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும், 45 மி.மீ. டயர் நுழையுமா என்று கேட்க வேண்டும். ஒரு மாலைப் பொழுது போதும்.

அப்படி ஒரே மாலையில் முடிந்துவிட்டால் ஒரு தொழில் எப்படிப் பிழைக்கும்? அமெரிக்காவில், கான்சாஸின் எம்போரியா ஊரைச் சுற்றியுள்ள கப்பி ரோடுகளில் 2006-ல் 200 மைல் பந்தயம் தொடங்கியபோது, கிராவல் சைக்கிள் என்ற ஒரு சரக்கே கடைகளில் இல்லை. வந்தவர்கள் கையிலிருந்ததை ஓட்டினார்கள். 2012-ல் சால்சா நிறுவனம் 'வார்பேர்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அப்புறம் மடை திறந்தது. 2018-ல் கேன்யன் நிறுவனம் தன் 'கிரெயில்' சைக்கிளுக்கு மாடி வைத்த ஹேண்டில்பார் கட்டியது. அதிர்வைத் தின்றுவிடும் புரட்சி என்றார்கள். 2023-ல் வந்த புதிய கிரெயிலில் மாடியைக் காணோம். புரட்சி ஐந்தே வருடத்தில் ஓய்வுபெற்றுவிட்டது. 2022-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் தன் உச்சரக 'டைவர்ஜ் எஸ்டிஆர்' சைக்கிளை 14,000 டாலருக்கு விற்றது. முன்னால் 20 மி.மீ., பின்னால் 30 மி.மீ. அமுங்கிக் கொடுக்கும். சென்டிமீட்டர் என்ன விலை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அரை டிகிரிக்கு இத்தனை கண்டிப்பான நம் ஆசாமி அடுத்துக் கேட்பது, "கொடுத்த காசுக்கு எது வொர்த்து?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதிலுக்கு அவர் பார்ப்பது கியர் எத்தனை, எடை எத்தனை, தள்ளுபடி எத்தனை. அது மட்டும். சண்டை போட்டுக்கொள்ளும் பிராண்டுகளில் பல, தைவானிலும் சீனாவிலும் உள்ள சில ஆலைகளின் வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஸ்பெஷலைஸ்டில் கணிசமான பங்கு வைத்திருப்பது தைவானின் மெரிடா நிறுவனம். அதே தைவானின் ஜயன்ட் நிறுவனம் தன் பெயருக்கும் செய்கிறது, பிறர் பெயருக்கும் செய்து கொடுக்கிறது. அதன் 'ரிவோல்ட்' மாடலைக் காசுக்கு மேல் பெறும் சைக்கிள் என்று விமர்சகர்கள் பல்லாண்டாகப் பாடிவருகிறார்கள்.

அந்தச் சகாய விலை எங்கிருந்து வந்தது? 2025 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கச் சுங்கத் துறை, தைவானில் ஜயன்ட் செய்யும் சைக்கிள்களைத் துறைமுகத்திலேயே நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. கட்டாய உழைப்புக்கு அது காட்டிய அறிகுறிகள் ஐந்து: நிர்க்கதியான நிலையைச் சாதகமாக்கிக்கொள்வது, மோசமான வேலை-வசிப்பிடச் சூழல், கடன் கொத்தடிமைத்தனம், கூலியை நிறுத்திவைப்பது, அளவுமீறிய ஓவர்டைம். இதனால்தான் சந்தை விலைக்குக் கீழே பொருள் செய்ய முடிந்தது என்றும் சொன்னது. (வரிச்சண்டை நடக்கும் வருடத்தில் வாஷிங்டனுக்குத் தொழிலாளர் மேல் பாசம் பொங்கியது தனிக்கதை.) வியட்நாமிலும் தாய்லாந்திலும் வட்டிக்கு வாங்கி, தரகனுக்குக் கட்டி, அந்த வட்டியை அடைக்கவே வெல்டிங் பட்டறையில் நிற்கும் ஆளின் கை பட்டுத்தான் உங்கள் 71.5 டிகிரி வருகிறது. ஐயா அறிஞரே, இருபது பத்தி உள்ள உங்கள் அட்டவணையில் அந்தக் கைக்கு ஒரு பத்தி உண்டா?

"சரி, விலை கூடிய பிராண்டுக்கே போகிறேன்" என்று எழுந்துவிடாதீர்கள். உட்காருங்கள். பிராண்டு எதுவானாலும் அதில் ஷிமானோ கியர் தொங்க வாய்ப்பு அதிகம். ஷிமானோவுக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த மலேசிய ஆலையொன்றில், பெரும் தரகுப் பணம் கட்டி வந்த நேபாளத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றிக் காக்கவைக்கப்பட்டதாக 2023-ல் பத்திரிகைச் செய்தி வந்தது. கார்பன் ஃபிரேம் வாங்கினால் பாவம் எடை குறையும் என்று யாரும் இன்னும் விளம்பரம் செய்யவில்லை. செய்தால் அதையும் கிராம் கணக்கில் ஒப்பிடுவீர்கள்.

அமெரிக்கச் சுங்கத் துறையின் உத்தரவை எதிர்த்து முறையிடுவதாக ஜயன்ட் சொன்னது. கூடவே, 2025 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தரகுக் கட்டணத்தைத் தானே ஏற்பதாகவும் சொன்னது. மகிழ்ச்சி. அந்த நிறுவனம் தொடங்கியது 1972-ல்.