எட்டு மணி நேர அசதி

காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். கால் ஒடிந்தால் மாவுக்கட்டு சாட்சி சொல்லும். அசதிக்குத்தான் நாதியில்லை. "எப்பப் பார்த்தாலும் டயர்டா இருக்கு" என்று வாயைத் திறந்தால், "யாருக்குத்தான் இல்லை?" என்று எதிராளி பேச்சை முடித்துவிடுவார்.

ராத்திரி பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிற ஒழுங்கான ஆள் நான். ஆனால் எழும்போதே, விடிய விடிய கோயம்பேட்டில் வெங்காய மூட்டை இறக்கியவன் மாதிரி இருக்கும். நாக்கு உலர்ந்து, தலை கனத்து, காபி உள்ளே போனால்தான் நான் இன்னார் என்பதே நினைவுக்கு வரும். அலுவலகத்தில் பதினொரு மணிக்குக் கண் சொருகும். மேலதிகாரி பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு தலை அசைப்பேன். ஆழ்ந்து யோசிக்கிற மனிதர் என்று கொஞ்ச காலம் பெயர் இருந்தது. கூட்டத்தின் நடுவே குறட்டை வந்த அன்று அதுவும் போயிற்று.

அசதி என்றால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வது தெரிந்ததுதான். நான் கவனித்தது வேறு. யாரும் நமக்கு என்ன நோய் என்று தேடுவதில்லை. தங்களுக்கு இருப்பதில் ஒரு பங்கு தருகிறார்கள். எதிர்வீட்டு மாமிக்குத் தைராய்டு, ஆகவே எனக்கும் தைராய்டு. பக்கத்து சீட்டு நண்பருக்கு பி12 குறைவு. "நீங்க சுத்த சைவம்தானே? அப்ப அதேதான்." மைத்துனருக்கு விட்டமின் டி போதாது; மொட்டைமாடி வெயிலில் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். அங்கேயும் தூக்கம் வந்தது. எந்த நோயும் இல்லாத என் அம்மாவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அம்மாவை விட்டுவிட்டால் மற்றவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. டாக்டரும் அதே வரிசையில்தான் போனார்: ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. அதாவது, ஒரு வீட்டில் 'டயர்டா இருக்கு' என்று சொல்ல அதிக நியாயம் உள்ளவர், பெரும்பாலும் அதைச் சொல்லாமல் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறார். சொல்லிக்கொண்டு சோபாவில் கிடப்பவர் என்னைப் போன்றவர்.

என் ரிப்போர்ட்டில் எல்லாமே நார்மல். இவ்வளவு நல்ல செய்தியை இவ்வளவு துக்கத்தோடு நான் வாங்கியதில்லை. நோய் ஒன்றும் இல்லை என்றால், பாக்கி இருப்பது சோம்பேறித்தனம் ஒன்றுதானே?

அப்போதுதான் டாக்டர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "சார் குறட்டை விடுவாரா?"

கல்யாணமான நாளாக இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் அவள். பதில் சொல்லவில்லை, செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்து, பதிவை ஓடவிட்டாள். குறட்டை படிப்படியாக ஏறியது. உச்சத்தில் சட்டென்று நின்றது. நிசப்தம். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நானே கொஞ்சம் கவலைப்பட ஆரம்பித்தேன். பிறகு ஒரு வெடிச்சத்தம். வெளியே காத்திருந்தவர் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

விஷயம் அந்த நிசப்தத்தில்தான் இருக்கிறதாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி எழுந்து மூச்சை இழுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 5 தடவைக்குள் இப்படி நடந்தால் பரவாயில்லை, 30-ஐத் தொட்டால் கடுமை. ஆக, எட்டு மணி நேரம் நான் தூங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தது ராத்திரி டூட்டி.

அடுத்து ஒரு கேள்வித்தாள். ஆஸ்திரேலியாவில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் வெளியிட்டது. 8 கேள்விகள், மொத்தம் 24 மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் மிஞ்சிப் போயிருக்கிறது என்று அர்த்தம். 'மது அருந்தாமல், மதிய உணவுக்குப் பின் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது தூங்கிவிடுவீர்களா?' மதுவைப் பற்றிக் கேட்டவர் வத்தக்குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை. 'ஒருவருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது?' யாருடன் என்று போட வேண்டாமா? நான் யோசிப்பதைப் பார்த்து மனைவி பேனாவை வாங்கி, தானே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் நான் அத்தனை மதிப்பெண் வாங்கியதில்லை.

தூக்கப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். தலை முழுக்க ஒயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப். எல்லாம் மாட்டிவிட்டு அங்கிருந்த பையன், "வீட்ல மாதிரி ரிலாக்ஸா தூங்குங்க சார்" என்று விளக்கை அணைத்தான். தூங்கினேன். மணிக்கு 30 என்ற கணக்கைச் சிரமமே இல்லாமல் தாண்டினேன்.

சிகிச்சை, சிபாப் என்கிற ஒரு பெட்டி. குழாயும் முகமூடியும் வைத்து ராத்திரி முழுக்கக் காற்றை லேசான அழுத்தத்தில் ஊதி, தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981-இல் இதை உலகுக்குச் சொன்னார். ஆரம்பகாலப் பெட்டிகளில் வேக்குவம் கிளீனர் மோட்டார்தான் இருந்ததாம்; முகமூடியை மாட்டிய முதல் வாரம் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. சேதி பரவி, மாமி ஆப்பிளோடு பார்க்க வந்தார். என்னிடம் இரண்டு வார்த்தை, பெட்டியிடம் பத்து நிமிடம்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. முகமூடி ஓரத்தில் காற்று கசியும், மூக்கு காயும், கரண்ட் போனால் இன்வெர்ட்டரை நம்ப வேண்டும். எடையையும் குறைக்கச் சொன்னார்கள், அது தனிக் கதை. ஆனால் சில வாரம் கழித்து ஒருநாள், காபி வருவதற்கு முன்பே பேப்பரில் தலையங்கத்தைப் படித்து முடித்திருந்தேன். அதன்பின் அலுவலகக் கூட்டங்களில் விழித்திருந்தேன். இத்தனை வருஷம் அங்கே என்ன பேசினார்கள் என்று தெரிந்தபோது, தூக்கத்தால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் தெரிந்தது.

"சார் இப்ப ரொம்ப சுறுசுறுப்பா இருக்கார்" என்று என்னைக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். முதல் கூட்டத்தில் பொருளாளர் தண்ணீர் லாரிக் கணக்கை வரி வரியாக வாசித்தார். எனக்குக் கண் சொருகியது. பயந்துபோய் மறுநாளே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாரிக் கணக்கா? அதுக்கு மிஷின் கிடையாது சார்" என்றார்.