ஃப்ரீசர் நிறைய புளூபெரி: ஆறு எளிய படிகள்

ஜூன் பிற்பாதியில் நியூ ஜெர்சித் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும்: "சனிக்கிழமை ஹாமன்டன் பக்கம் புளூபெரி பறிக்கப் போறோம், வர்றீங்களா?" கடையில் டப்பாவில் கிடைப்பதை, பெட்ரோல் போட்டுப் போய், வெயிலில் காய்ந்து பறித்து, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வரவேண்டும். அதற்கும் முறை இருக்கிறது.

படி 1: வரலாறு
காரில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காட்டுச் செடியாக இருந்த புளூபெரியைத் தோட்டப் பயிராக்கியது இந்த மாநிலம்தான். ஒயிட்ஸ்பாக் பண்ணையில் எலிசபெத் ஒயிட்டும் தாவரவியலர் ஃபிரெடெரிக் கோவிலும் 1916இல் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பினார்கள். பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடியைக் கண்டுபிடித்துச் சொன்னால் எலிசபெத் காசு கொடுப்பார்; பழத்தை அளக்கத் துளையிட்ட தகடும் தந்திருந்தார். பிள்ளைகள் டேப்லெட்டிலிருந்து நிமிர மாட்டார்கள். பரவாயில்லை, சொன்ன புண்ணியம் உங்களுக்கு.

படி 2: பறித்தல்
நீலமாகிவிட்டதே என்று கை வைக்காதீர்கள். காம்போரம் சிவப்பு தெரிந்தால் புளிக்கும். வீட்டில் வைத்தாலும் இனிப்பு ஏறாது. கொத்துக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தி, கட்டைவிரலால் லேசாக வருடுங்கள். பழுத்தது தானே உதிரும். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். அதற்குள் அவர் இரண்டாவது வாளிக்குப் போயிருப்பார்.

படி 3: ருசி பார்த்தல்
ருசி பார்க்கச் சில பண்ணைகளில் அனுமதி உண்டு. ஒரு பழம் என்றால் ருசி. ஒரு செடி என்றால் சாப்பாடு. எடை போடுவது வாளியைத்தான் என்றாலும், வாளியில் கொஞ்சமாவது இருப்பது மரியாதை.

படி 4: கழுவாமல் இருத்தல்
இதுதான் கடினம். பழத்தின்மேல் திருநீறு பூசியதுபோல் இருப்பது இயற்கை மெழுகு. கழுவினால் போய்விடும், ஈரத்தோடு உறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தோலும் தடித்துப்போகும். எதையும் மூன்று தண்ணீரில் அலசும் பரம்பரைக்கு இது சோதனைதான். சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றுங்கள்.

படி 5: உறையவைத்தல்
நசுங்கியது, காம்பு, இலை எல்லாம் பொறுக்கிவிட்டு, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மைனஸ் 18 டிகிரியில் கல்லாகும்வரை வையுங்கள். பிறகு ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, தேதி எழுதுங்கள். உதிரி உதிரியாக நிற்கும். நேரே கவரில் கொட்டினால் ஒரே பாளம், சுத்தியல் தேவைப்படும். ஒரே சிக்கல், தட்டு வைக்க ஃப்ரீசரில் இடம் இருக்காது. தேங்காய்த் துருவல், முருங்கைக்காய், பரோட்டா எல்லாம் முன்பே குடியேறியிருக்கும்.
"ஏங்க, அந்த ஐஸ்க்ரீம் டப்பாவை வெளிய எடுங்க."
"சாப்பிட்டுடலாமா?"
"அது போன மாசத்து சாம்பார்."

படி 6: தீர்த்தல்
முதல் வாரம் தினமும் ஸ்மூத்தி. இரண்டாம் வாரம் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். மாதுளைக்குப் பதிலாகத் தயிர்சாதத்தில் போடலாமே என்று தோன்றும். உறையும்போது பனித்துகள்கள் பழத்தின் செல்களைக் கிழித்திருக்கும். இளகியதும் சாறு கசிந்து சாதம் கத்தரிப்பூ நிறமாகும். விருந்தாளி இல்லாத நாளில் முயலுங்கள்.

பழம் ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும். அதாவது, மறுபடி பறிக்கப் போகும்வரை. எனவே மே மாதமே, "எங்க கையால பறிச்சது" என்று நண்பர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். அவர்களும் பதிலுக்கு ஒரு கவர் தருவார்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, தேதியைப் பாருங்கள். உங்கள் கையெழுத்தாகவே இருக்கலாம்.